முன்வரிசைச் செண்பகம்

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம், அந்த மண்டபத்துக்கு ஒரு மொட்டை மாடி, அந்த மாடியில் காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு பெண்கள், இருபத்திரண்டு பெண்களுக்கும் இருபத்திரண்டு பாய்கள், அந்தப் பாய்களில் முன்வரிசையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி விரித்திருக்கும் நீலப் பாய் தையல்காரி செண்பகவல்லியுடையது என்பது அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். கீழே முகூர்த்தம் இருக்கும் நாட்களில் கேசரி வாசனையும் நாதஸ்வரமும் ஒன்றாகப் படியேறி வரும். பெண்கள் ஒரு மூக்கை அடைத்துக்கொண்டு மறு மூக்கால் கேசரியை இழுத்து, எட்டு எண்ணும்வரை உள்ளே வைத்திருந்து, மனமில்லாமல் வெளியே விடுவார்கள்.

செண்பகத்துக்கு நாற்பத்தாறு வயது. அந்த வட்டாரத்தில் கல்யாண ரவிக்கை என்றால் அவளிடம்தான் கொடுப்பார்கள், அளவு நாடாவை எடுக்காமலே ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கண்ணாலேயே அளந்துவிடுவாள் என்று பேர். மாடியிலோ அவள் சக்கராசனத்தில் பின்னால் வளையும்போது கைகள் தரையைத் தொடுவதற்கு முன்னால் அவள் பின்னல் தொடும், பிறகு கைகள் தொடும், பிறகு ஒரு முழு நிமிடம் கோயில் வாசல் வளைவு மாதிரி அசையாமல் நிற்பாள். அவளைவிடப் பத்து வயது சின்னவளான ஜெயசுதா டீச்சர்கூட, "எல்லாரும் செண்பகத்தக்காவப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் பார்ப்பாள்.

அவள் ஒரு தை மாதம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனாள். மார்பில் புற்று என்றார்கள். மருந்து ஏற்றினார்கள் எட்டு முறை, அறுத்தார்கள் ஒரு முறை, கதிர்க் கரண்டு வைத்தார்கள் இருபத்தைந்து நாள். எட்டு முறையில் முடி போயிற்று, புருவம் போயிற்று, நாக்கில் ருசி போயிற்று. ஒரு முறையில் வலது மார்பு போயிற்று, கூடவே வலது கைக்குத் தோளுக்கு மேலே ஏறுகிற பழக்கமும் போயிற்று. இருபத்தைந்து நாளில் என்ன போயிற்று என்று கணக்குப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அடுத்த தை பிறந்தபோது டாக்டரம்மா, "இனி மெதுவா யோகாவை ஆரம்பிங்க. வலிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பொங்கல் கழிந்த மறுநாள் அவள் போனாள். தலையில் பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு, நீலப் பாயை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முப்பத்துநாலு படியை மூன்று இடத்தில் நின்று நின்று ஏறி, மாடிக் கதவைத் தள்ளினாள். அவளுடைய நீலப் பாய் இருக்கும் இடத்தில் நீலப் பாய் இருந்தது. நீலப் பாயில் அவள் இருந்தாள்.

அவளேதான். இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல், இரண்டு புருவம், இரண்டு மார்பு, கழுத்தோரம் தானே பூத்தையல் போட்ட பச்சைச் சுடிதார். கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தவள், செண்பகம் பார்க்கப் பார்க்க நெற்றியை முழங்காலில் வைத்து, தூங்குகிறவள் மாதிரி மடிந்தாள்.

"வா மதினி, வா" என்று பின்வரிசையிலிருந்து மாரித்தங்கம் எழுந்து வந்தாள். தெருமுனையில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறவள், செண்பகத்துக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். "மெல்ல வா. நாற்காலி போட்டிருக்கேன், உக்காந்தே செய்யலாம்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"அது யாரு?"

"யாருன்னு கேக்கே. நீதான். நீ மருதைக்குப் பஸ் ஏறுன மறுநாள் காலைல வந்து பாயை விரிச்சா. செண்பகத்துக்கு மனசு கேக்கல, அனுப்பி வச்சிருக்கான்னு நாங்களும் இருந்துட்டோம்."

"நான் ஒண்ணும் அனுப்பலியே."

"நீ எங்க அனுப்ப. நீதான் கண்ணு முழிக்காமக் கெடந்தியே" என்று சொல்லிவிட்டு மாரித்தங்கம் நாற்காலியின் தூசியைத் தட்டினாள்.

ஊர் அதைப் பற்றிப் பேசாமல் இல்லை. போன தையில் அவள் வந்த முதல் வாரம் பேசியது. கணக்கு வாத்தியார் மனைவி, ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூச்சியம்தான் மிஞ்ச வேண்டும், இங்கே ஒன்று மிஞ்சுகிறதே என்று தன் வீட்டுக்காரரிடம் கேட்க, அவர் கடன் வாங்கிக் கழித்தல் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். ஜெயசுதா டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்து, பேர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, டிக் போட வேண்டியதுதானே என்று போட்டுவிட்டாள். வகுப்பு முடிந்ததும் அந்தச் செண்பகம் படியிறங்கி ஜெனரேட்டர் அறைப் பக்கம் திரும்புவாள், திரும்பிய பிறகு அங்கே இருக்கமாட்டாள். எங்கே போகிறாள் என்று பார்க்க ஒருநாள் இரண்டு பெண்கள் பின்னாலேயே போய், முனையில் அவளைத் தவறவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று அரைக்கிலோ சேவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது வாரம் கல்யாணம் நிச்சயமான ஒருத்தி வந்து அவள் கையால் குங்குமம் வாங்கிக்கொண்டாள். யோகா தினத்தன்று பத்திரிகைக்காரர் வந்து அவள் வளைந்து நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தைச் செண்பகம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஏழாவது மருந்து ஏறி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ பழம் சுற்றிக்கொண்டு வந்த தாளில் பார்த்திருக்கிறாள். பழைய படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதிலேயே வாயைத் துடைத்துப் போட்டுவிட்டாள்.

இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டதால் ஊர் அதற்கும் ஒரு வழி செய்தது. அவள் முன்வரிசைச் செண்பகம், இவள் பின்வரிசைச் செண்பகம். அதோடு பேச்சு முடிந்தது.

பின்வரிசைச் செண்பகத்துக்கு வயிறு எரிந்தது.

மற்றவர்கள் நல்லா இருப்பதைப் பார்த்து அவள் எரிந்ததே கிடையாது. பக்கத்துத் தெருவில் புது மெஷின் வாங்கித் தையல் கடை போட்டவளுக்கு நூல்கண்டு கொடுத்து உதவியவள். ஆனால் இது வேறு எரிச்சலாக இருந்தது, அடுப்பில் வைக்காமலே பால் பொங்குகிற மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து வலது கையைத் தோள்வரை தூக்குவதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டும். அங்கே முன்வரிசையில் அவளுடைய கையே, அவள் சாப்பிட்டு வளர்த்த கையே, காதை உரசிக்கொண்டு வானத்துக்குப் போகும். பிறந்ததிலிருந்து தன் பின்னலைப் பின்னாலிருந்து பார்க்கிற வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததில்லை. இப்போது தினமும் கிடைத்தது. இத்தனை அழகான முடி என்று யாரும் சொல்லவில்லையே, சொல்லியிருந்தால் எண்ணெயைக் கொஞ்சம் ஆசையாகத் தேய்த்திருப்பேனே என்று நினைத்தாள். கண்ணால் அவளை அளந்தாள். மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, தோள் பதினாலரை. மறுநாளும் அளந்தாள். அதே அளவுதான். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

பெண்கள் பின்வரிசைக்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மணத்தக்காளி சூப் கொண்டுவந்தார்கள், மாதுளம்பழம் கொண்டுவந்தார்கள், தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்தார்கள். முன்வரிசையில் போய் நின்றதும் அதே பெண்கள் தோளில் அடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். எல்லாவற்றையும்விடச் செண்பகத்தைச் சுட்டது ஒரு சொல். முதல் நாளே முன்வரிசைக்காரி அவளிடம் வந்து, யாரோ புதியவளிடம் பேசுவதுபோல, "படியேறது கஷ்டமா இருக்கா யக்கா? பாயை நான் கொண்டாந்து விரிக்கட்டா?" என்று கேட்டாள்.

யக்கா. தன்னைவிட மூத்தவள் என்று நினைத்துவிட்டாள்.

செண்பகத்தின் கணவன் திரவியம் தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஏழு மணிக்கு வந்து அழைத்துப் போவான். மாசி பிறந்ததும் ஒரு காலையில் செண்பகம் படியில் மெதுவாக இறங்கி வரும்போது, முன்வரிசைக்காரி அவளைத் தாண்டித் தடதடவென்று இறங்கிப் போனாள். கீழே வண்டியில் உட்கார்ந்திருந்த திரவியம் நிமிர்ந்தான். பின்னல் ஆடிக்கொண்டு ஜெனரேட்டர் அறைப் பக்கம் திரும்புகிறவரை பார்த்தான். பார்த்து முடித்து முகத்தைத் திருப்பியபோது படியில் நின்ற மனைவியின் கண்ணில் பட்டான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பவில்லை.

"எத்தன நாளா இது?"

"எது?"

"இப்படி வந்து நின்னு பாக்கது."

திரவியம் பொய் சொல்லத் தெரியாதவன். சாவியைத் தடவிக்கொண்டே, "நீ ஆஸ்பத்திரில இருக்கயில மாத்துத் துணி எடுக்க ஊருக்கு வருவம்லா. அப்பல்லாம் வந்தேன். ரெண்டு நிமிசம். கீழ நின்னு பாத்துட்டுப் போயிருவேன்" என்றான்.

"பேசுனீகளா?"

"இல்ல. ஒருநா சிரிச்சா."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன்."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி வர, திரவியம் வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்தினான்.

"அவளப் பாத்தா நீ பெழச்சிருவன்னு தோணும் செண்பகம். அங்க வந்து உன்னயப் பாத்தா அப்படித் தோணாது. அதுக்குத்தான் போனேன். வேறொண்ணுக்கும் இல்ல."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மை என்று தெரிந்ததால் எரிச்சல் ஆறிவிடுமா? அன்று மத்தியானம் அவனுக்குத் தட்டு நிறையச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றவில்லை. அவனும் கேட்கவில்லை, மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் அவள் ஐந்தரைக்கே போய், தண்ணீர்த் தொட்டியை ஒட்டித் தன் நீலப் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டாள். ஆறு மணிக்கு வந்த முன்வரிசைக்காரி கொஞ்சமும் முகம் கோணாமல், "இங்க உக்காருதீகளா யக்கா? உக்காருங்க, காத்து நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுப் படியோரம் கடைசியில் போய் விரித்தாள். வகுப்பு தொடங்கியது. டீச்சர் சக்கராசனம் என்றாள். கடைசி வரிசையில் பின்னல் தரையைத் தொட்டது. முதலில் மாரித்தங்கம் கழுத்தைத் திருப்பினாள், பிறகு இரண்டு பேர், பிறகு எல்லோரும், கடைசியில் டீச்சரே நடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு முன்வரிசை பின்னால் போய்விட்டது. செண்பகம் இருபத்தோரு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் நேரே டீச்சரிடம் போனாள். "ஒரு பேருக்கு ஒரு ஆளுதான் இருக்கணும். அவ பேர எடுத்துருங்க."

ஜெயசுதா டீச்சர் பதிவேட்டைப் புரட்டினாள், பென்சிலைக் காதில் செருகினாள், சங்கடமாகச் சிரித்தாள். "எடுத்துரலாம்க்கா. ஆனா அத எடுத்தா உங்க பேரும்தான போகும்?"

அதற்குப் பிறகு அவள் நாற்காலிக்கே திரும்பிவிட்டாள்.

மாசிக் கடைசியில் ஒரு நாள், வகுப்பு முடிந்து தொட்டிக்குப் பின்னால் பெண்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைக்காரி கழுவி முடித்து, ஈரக் கையோடு வலது அக்குளுக்குக் கீழே, மார்பு தொடங்குகிற இடத்தில், இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் கையை எடுத்துவிட்டாள். வேறு யாரும் கவனிக்கவில்லை. செண்பகம் கவனித்தாள், ஏனென்றால் அது அவளுடைய விரல், அவளுடைய பழக்கம்.

"என்னட்டி அங்க?"

"ஒண்ணுமில்லக்கா. புளியங்கொட்டை கணக்கா ஒரு கட்டி. வலியெல்லாம் இல்ல." அவள் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தீபாவளித் துணி வந்து குமிஞ்சு கெடக்கு. அது முடியட்டும், போய்க் காட்டிக்கிடலாம்னு இருக்கேன்."

தீபாவளி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அடுத்த தீபாவளிக்கு எட்டு மாதம் இருந்தது. செண்பகத்துக்கு விளங்கிவிட்டது. இவளுக்கு எப்போதும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின அந்தப் புரட்டாசிதான். குளிக்கும்போது சோப்புக் கையில் கட்டி தட்டுப்பட்டு, குழாயைத் திறந்துவிட்டபடியே நின்று, வாளி நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றாளே, அந்தப் புரட்டாசி. அன்றைக்குப் புளியங்கொட்டையாக இருந்தது கார்த்திகையில் நெல்லிக்காய் ஆயிற்று, பொங்கலுக்கு எலுமிச்சம்பழம் ஆயிற்று.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைப்பானேன், சந்தோஷம்தான். வண்டியில் போகும்போது திரவியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நெத்திலி வாங்கச் சொன்னாள். புளி கரைத்து, குழம்பு வைத்து, இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். நாக்கில் ஒரு வருஷமாக இல்லாத ருசி வந்து உட்கார்ந்திருந்தது. மனைவிக்கு உடம்பு தேறிவிட்டது என்று திரவியம் தன் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னான். நாலு நாள் அவள் மாடியில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முன்வரிசையைப் பார்த்து, இந்த முடி போகும், அந்தப் புருவம் போகும், இந்தக் கை ஏறாது என்று ஒவ்வொன்றாகப் போக்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் முன்வரிசைக்காரி பாயைச் சுருட்டாமல் எழுந்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, கேட்டாக் கோவிச்சுக்கிடாதீக. உங்களுக்கு மொதல்ல எப்படி இருந்துச்சு? எப்படித் தெரிஞ்சிச்சு?"

செண்பகம் அவளைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் சூப் வந்தது, பழம் வந்தது, கோயில் திருநீறு வந்தது. இந்தக் கேள்வி வரவில்லை. மாரித்தங்கம் கேட்கவில்லை, டீச்சர் கேட்கவில்லை, கூடவே படுத்துக் கிடந்த திரவியம்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் சுற்றிக்கொண்டு போன பள்ளத்தில் இவள் நேராகக் கால் வைத்து நின்றாள்.

எனக்கு ஆரம்பத்திலேயே பயங்கர வலி என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாக எழுந்து தீபாவளித் துணி தைக்கப் போயிருப்பாள். அந்தப் பொய் கொஞ்ச நேரம் அங்கேயே, இனிப்பாக, கரையாமல் இருந்தது. செண்பகம் அதை விழுங்கினாள்.

"புளியங்கொட்டை கணக்கா இருந்துச்சு. வலி இல்ல."

முன்வரிசைக்காரி துப்பட்டாவுக்கு மேலேயே அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். "எனக்கு இது வெறும் கொழுப்புக் கட்டியா இருக்கும்க்கா. தீபாவளி..."

"தீபாவளி முடியட்டும்பே. முடிஞ்சா, கார்த்திகைல மழையா இருக்கு, எங்க போகன்னு சொல்லுவே. மார்கழில, தைக் கல்யாணத்துக்கு நாப்பது ரவிக்கை கெடக்கும்பே. இவருகிட்டச் சொன்னாப் பயந்துருவாருன்னு வாயத் தொறக்கமாட்டே. பொம்பள டாக்டராப் பாத்துச் சொல்லுன்னு மாரித்தங்கத்துகிட்டக் கேக்கப் போயி, மாவு மட்டும் வாங்கிட்டு வந்துருவே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

செண்பகம் எழுந்து அவளைத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். தோளிலிருந்து துணியை இறக்கிக் காட்டினாள். மார்பு இருந்த இடத்தில் அக்குளிலிருந்து நடு நெஞ்சுவரை குறுக்கே ஓடிய தழும்பை முன்வரிசைக்காரி ஒரு தையல்காரி பார்க்கிற மாதிரிப் பார்த்தாள், தொடங்கின இடம், முடிந்த இடம், இழுத்துப் பிடித்த இடம் என்று.

"நெருக்கமாத் தச்சிருக்காங்க" என்றாள்.

பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். புருவம் பாதி முளைத்த முகத்தை, துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சுருள் முடியை, இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சத்தைப் பார்த்தாள். தன் மச்சத்தைத் தொட்டாள். அப்படியே தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பின்னலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, "முடி போயிருமா?" என்றாள்.

"போகும். வந்துரும்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"கூட யாரு வருவா?"

"நான் வாரேன்" என்றாள் செண்பகம். சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

இரண்டு பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், அதே பேர், அதே பிறந்த தேதி, ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறதே என்று தலையைச் சொறிந்து, அதே எண்ணை எழுதிப் பக்கத்தில் 'அ' என்று போட்டார். பழைய நர்ஸ் ஒருத்தி முன்வரிசைக்காரியைப் பார்த்து, "ஆத்தாடி, முடி எவ்வளவு வளந்துருச்சு!" என்றாள். பின்னால் வந்த செண்பகத்தைப் பார்த்ததும், "ஓ, நீங்க இங்க இருக்கீகளா" என்று சொல்லிவிட்டு ஊசி எடுக்கப் போய்விட்டாள். படம் எடுத்தார்கள், ஊசியால் குத்தி எடுத்தார்கள், பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து டாக்டரம்மா தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"நல்ல வேளை, சீக்கிரமே வந்துட்டீங்க. மார்பை எடுக்க வேண்டியதில்ல, கட்டியை மட்டும் எடுத்தாப் போதும். பெரிய மருந்து எதுவும் ஏத்த வேண்டியதில்ல. கொஞ்ச நாள் கரண்டு, அப்புறம் மாத்திரை. முடிக்கு ஒண்ணும் ஆகாது."

முன்வரிசைக்காரி செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செண்பகம் கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள்.

இத்தனை நாள் எரிந்ததெல்லாம் அடுப்பு, இது காடு. முடி போகும் என்றுதானே கூட்டி வந்தாள்? தனக்கு நடந்ததெல்லாம் அவளுக்கும் நடக்கும், நடக்கும்போது கூட இருந்து பிடித்துக்கொள்ளலாம் என்றுதானே வந்தாள்? நல்ல வேளை சீக்கிரம் வந்துட்டீங்க. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே அவள் இதே வராந்தாவில், இதே பெஞ்சில், போன வருஷம் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு நான் வந்தேன், எனக்கு ஒருத்தி வரவில்லையே என்று நினைத்தாள். புரட்டாசியில் ஒருத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்து தோள் துணியை இறக்கிக் காட்டியிருந்தால் என் மார்பு என்னிடம் இருந்திருக்குமே என்று நினைத்தாள். படியிறங்கினாள், கேட்டைத் தாண்டினாள், பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். கோவில்பட்டி பஸ் ஒன்று வந்தது, நின்றது, போயிற்று. எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தாள். இன்னொரு டீயைக் காகிதக் கப்பில் வாங்கி, சிந்தாமல் பிடித்துக்கொண்டு, திரும்பிப் படியேறினாள்.

ஏன் திரும்பிப் போனாய் என்று பிற்பாடு மாரித்தங்கம் கேட்டபோது, "மொத தடவ படம் எடுக்கயில கழத்துன அவ வளையல் இன்னும் என் பைக்குள்ள கெடந்துச்சு" என்றாள்.

பங்குனியில் கட்டியை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யாருக்கும் தெரியாததால் செண்பகம் தன் வீட்டுக்கே கூட்டி வந்தாள். தெருக்காரர்கள் இரண்டு தூக்குவாளிகளில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். திரவியம் முதல் மூன்று நாள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தான். நாலாம் நாள் இரண்டு இளநீர் வாங்கி வந்து இரண்டையும் செண்பகத்தின் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினான். அன்று முதல் செண்பகம் அவன் தட்டில் மறுபடியும் குழம்பு ஊற்றத் தொடங்கினாள்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் இடம் காலியாகக் கிடந்தது. யாரும் அங்கே பாய் விரிக்கவில்லை. நன்றாக இருந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் நோயாளி ஆக்கிவிட்டாள், பொறாமைதான், வேறென்ன என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அது பாதி சரி என்று செண்பகத்துக்குத் தெரியும்.

அவள் வீட்டு அடுப்படிச் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே மேலே நடத்தி, எட்டின இடத்தில் ஒரு கோடு. மூன்று மாதத்தில் அவள் கோடு உப்பு ஜாடி வைத்த பலகையைத் தாண்டி ஒரு சாண் ஏறியிருந்தது. முன்வரிசைக்காரிக்கும் செண்பகம் அதைச் சொல்லிக் கொடுத்தாள், பக்கத்திலேயே. முதல் நாள் அவள் கோடு ஜாடிக்குக் கீழே. நாலாம் நாள் ஜாடி. பன்னிரண்டாம் நாள் செண்பகத்தின் கோட்டைத் தாண்டிவிட்டது.

"பாருங்க யக்கா!" என்றாள் அவள். யாரென்று தெரிந்த பிறகும் யக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

"பாத்தேன், பாத்தேன்" என்றாள் செண்பகம். முன்வரிசைக்காரி குளிக்கப் போன நேரத்தில் பெருவிரல் நுனியில் எம்பி நின்று ஒரு பொய்க்கோடு போட்டாள். போட்டுவிட்டு, துப்பட்டா நுனியால் அழித்தாள்.

ஆனி மாதம், கரண்டெல்லாம் முடிந்து, இரண்டு பேரும் சேர்ந்து மாடிக்குப் போனார்கள். முகூர்த்த நாள். கீழே கூட்டம், நாதஸ்வரம், கேசரி. டீச்சர் இரண்டு பேரையும் பின்வரிசையில் பக்கம் பக்கமாக நிற்க வைத்தாள். நாற்காலி வேண்டாம் என்று செண்பகம் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு கையும் மேல. மூச்ச இழுத்துக்கிட்டே. முடிஞ்சவரைக்கும் போதும்" என்றாள் டீச்சர்.

எல்லாக் கைகளும் ஏறின. செண்பகத்தின் இடது கை போய்விட்டது, வலது கை தோளைத் தாண்டி, தாடையைத் தாண்டி, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் அந்த வலது கை கொஞ்சம் தயங்கியது, பிறகு கிளம்பிவிட்டது. தாடை, கன்னம், காது மடல். ஐந்து மாதம் அவள் மல்லுக்கட்டின தூரத்தை மூன்று மூச்சில் போகிறது. அவளுடைய கையே. செண்பகத்தின் வயிற்றில் குப்பென்று பற்றிக்கொண்டது. போகட்டும் என்று அவள் விடவில்லை. பல்லைக் கடித்தாள். வலிக்கிறதுக்கு முன்னால் நிறுத்தச் சொன்ன இடம் வந்தது, அதைத் தாண்டி இன்னொரு விரற்கடை. அக்குளில் எதுவோ பழைய துணி கிழிகிற மாதிரி இழுத்து, இழுத்து, விட்டுக்கொடுத்தது. கை காதைத் தொட்டது.

பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் திருப்பி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். இவளும் நீட்டினாள்.

"எட்டு, ஒம்பது, பத்து. இறக்கலாம்" என்றாள் டீச்சர்.

எல்லோரும் இறக்கினார்கள். அவர்கள் இரண்டு பேரும் இறக்கவில்லை. டீச்சர் அடுத்த ஆசனம் சொன்னாள், அதற்கடுத்தது சொன்னாள், பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். பெண்கள் பாய்களைச் சுருட்டினார்கள். யாரும் கீழே போகவில்லை. "ஏட்டி, போதும், கீழ வைங்க ரெண்டு பேரும்" என்றாள் மாரித்தங்கம். இரண்டு முகங்களிலும் வியர்வை வழிந்தது, நாலு கைகளும் ஆடின, ஒன்றும் இறங்கவில்லை. கீழே கெட்டிமேளம் கொட்டியது. ஏழு மணி ஆகியும் யாரும் இறங்கி வராததால் திரவியம் படியேறி வந்து, வண்டிச் சாவியும் கையுமாகக் கதவோரம் நின்றான். அவன் வந்தது செண்பகத்துக்குத் தெரிந்தது. யாரைப் பார்க்கிறான் என்று திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.